சவுண்டு வாடகை

பணகுடியில் கடை. ஞானசிகாமணி ஆடியோஸ்.
சேர் அறுநூறு, ஜெனரேட்டர் இரண்டு,
கம்பத்தில் கட்டும் குழாய் பதினெட்டு.
இரண்டு கட்சிக் கரைத்துணியும்
ஒரே இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன,
நடுவே ஒரு பழைய பேப்பர்.
சாயம் ஒட்டிவிடக் கூடாது பாருங்கள்.

மார்ச்சில் அவர்கள் மாநாடு.
ஏப்ரலில் இவர்கள் மாநாடு.
மேடையில் ஒருவரை ஒருவர்
வேரோடு பிடுங்கப் போவதாகச் சொன்னார்கள்.
பில்லை எடுத்துக்கொண்டு போனால்
ஒன்றியம் மாவட்டத்தைக் கைகாட்டும்,
மாவட்டம் மாடியைக் கைகாட்டும்.
கடைசியில் இரண்டு தடவையும் காசு தந்தது
வராகவேல் குவாரி ஆபீஸ் கேஷியர் டென்சிங்.
ஒரே ரப்பர் ஸ்டாம்பு. ஒரே ஊதா மை.
"யாரு ஜெயிச்சா உமக்கு என்னவே" என்றார்.
"உமக்கு?" என்றேன்.
சிரிக்கவில்லை.
நோட்டை இன்னொரு தடவை எண்ணினார்.

முதலாளியை நான் கண்டதில்லை.
சென்னையில் என்பார்கள், சிங்கப்பூரில் என்பார்கள்.
தேர்தலில் அவர் நிற்பதில்லை.
நிற்கிற இரண்டு பேரும்
அவர் எதிரே உட்காருவதில்லை.

ஆனியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது.
மலைக்கு இந்தப் பக்கம் இன்னும் நாற்பது ஏக்கர் தோண்டலாமா என்று
ஜனங்களைக் கேட்க வேண்டுமாம், சட்டம்.
அரசாங்கக் கூட்டம்.
ஆர்டர் தந்தது டென்சிங்.
மேல்காற்று சாமியானாவை வயிறு போல் உப்ப வைத்தது.
கலெக்டர் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா,
போலீஸ் இரண்டு வேன்,
லாரியில் வந்திறங்கி
வேலை வேணும் வேணும் என்று ஒரே தாளத்தில் சொன்ன ஆட்கள்.
அவர்களுக்கு நான் எக்கோகூட வைத்தேன்.

பிறகு பேராச்சி எழுந்தாள். கையில் பீடித்தட்டு.
"ஒரு மணிநேரம் வாசல்ல வச்சேன், பாருங்கம்மா,
இலை மேல மாவு தூவுன மாதிரி.
ஏஜெண்டு கட்டக் கழிச்சுப் போடுதான்.
எங்க வீட்டுக்காரரு நெஞ்சுக்குள்ள கெடக்கத
எவன் கழிச்சுப் போடுவான்?"

நான் மிக்சர் முன்னால்.
நாலாவது வரிசையில் டென்சிங்
ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்.
அவ்வளவுதான்.
மிரட்டல் இல்லை. அடியாள் இல்லை.
என் கட்டைவிரல் ஏற்கெனவே குமிழ் மேல் இருந்தது.
பாக்கி முப்பத்தெட்டாயிரம் நினைவுக்கு வந்ததா,
வெறும் பழக்கமா, இன்றுவரை தெரியாது.
மெல்லத்தான் இறக்கினேன்,
கரண்ட் போனது என்றுகூட யாரும் சொல்ல முடியாதபடி.
அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
குறிப்பெடுக்கிறவர் பேனாவை மூடிவிட்டார்.
தூரத்தில் காற்றாடிகள் சுற்றின.
அவற்றுக்கும் யாரோ முதலாளி.

ராத்திரி மைக்கைத் துடைத்தபோது புகையிலை வாசம்.
ரசீதில் "ஒலிபெருக்கி, ஒரு நாள் வாடகை" என்று எழுதினேன்.
பெருக்குவது என்றால் கூட்டுவது.
விளக்குமாற்றால் செய்வதும்
அதே சொல்தான்.

போன வாரம் பேராச்சி கடைக்கு வந்தாள்.
இசக்கியம்மன் கொடைக்கு ரெண்டு குழாய் வேணும்.
அட்வான்ஸ் முந்நூறு,
எல்லாம் நாலாய் மடித்த பத்து ரூபாய்கள்.
"அன்னைக்கு எஞ் சத்தம் எனக்கே கேக்கல்லியே,
மிஷின்ல பழுதா அண்ணாச்சி?"
"ஆமா" என்றேன்.
"இப்ப சரியாயிட்டா?"

டீசல் இருக்கிறதா என்று பார்க்கப் போவதுபோல்
உள்ளே போனேன்.
மூன்றரை மணி. குவாரியில் வெடி.
அதற்கு மைக் தேவைப்படவில்லை.
கொக்கியில் தொங்கிய பதினெட்டுக் குழாயும்
கரண்ட் இல்லாமலே அதிர்ந்தன.
வெளியே அவள்
இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.